சம்பந்தி வீட்டு ஒன்றாம் கம்பி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிட்டாரில் கம்பிகள் பலகையை விட்டு எழும்பி நின்றால் அவை தளர்ந்துபோய்விட்டன என்றும், இழுத்து முறுக்கினால் இறங்கி ஒழுங்காக உட்காரும் என்றும் நம்பினேன். ஐம்பத்து மூன்று வயதில் நம்பினேன். கொடிக்கயிறு தளர்ந்தால் தொய்யுமே தவிர எழும்பாது என்பது எனக்குத் தெரியாததல்ல. மொட்டைமாடிக் கொடியை நான்தான் கட்டுகிறேன். அந்த அறிவெல்லாம் அன்றைக்குத் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

அது ஹவாயன் கிட்டார். மடியில் படுக்கவைத்து, இடது கையில் ஓர் இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போய் வாசிப்பது. உருளை பலகையில் இடிக்கக் கூடாதென்றே கம்பிகளை உயரத்தில் நிறுத்திச் செய்கிறார்கள். இந்த விவரம் எனக்கு மறுநாள்தான் தெரியவந்தது. அதற்குள் ஒரு கம்பியை அறுத்துவிட்டிருந்தேன்.

யாருடைய கிட்டார் என்பதுதான் விஷயம். என் சம்பந்தியுடையது.

மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்கு ஊருக்கு அழைத்து வருவதற்காக நானும் மனைவி மல்லிகாவும் வெள்ளிக்கிழமை மதியமே ஆவடி பக்கம் வெள்ளானூரில் சம்பந்தியின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து இறங்கினோம். செங்கல்பட்டைத் தாண்டினாலே எனக்கு வெளிநாடு. காபியின் நிறம் மாறிவிடும், ஆட்டோக்காரர் பேசுவது பாதிதான் புரியும், வழி கேட்டால் எல்லோரும் 'ஸ்ட்ரெய்ட்டா போங்க' என்பார்கள்.

சம்பந்தி குணசேகரன் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் எந்த வீட்டு விசேஷத்திலும் இவர் கிட்டார் உண்டாம். வளைகாப்பிலும் வாசிக்கப்போவதாகச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தொலைபேசியில் சொல்லியிருந்தார். "வயித்துல இருக்கிற புள்ள முதல்ல என் கிட்டாரைத்தான் கேக்கணும் சம்பந்தி" என்று என்னிடமும் சொன்னார். சொல்லிவிட்டு மாலை நடைக்குப் போனார். பெண்கள் சமையலறையில் வளையல்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நானும் கிட்டாரும் மட்டும்.

உறையின் ஜிப்பை இழுத்தேன். கம்பிகள் எழும்பி நின்றன. பாவம், மனுஷன் கவனிக்கவில்லை போல, நாம் சரிசெய்து வைப்போமே என்று தலைப்பக்கச் சாவிகளில் ஒன்றைப் பிடித்து முறுக்கினேன். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சமே கொஞ்சம்.

டணார்!

சமையலறையிலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. "என்னங்க அங்க சத்தம்?"

"கரண்டி விழுந்துடுச்சு."

"கூடத்துல ஏது கரண்டி?"

இரண்டு துண்டுகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் சுருட்டி வைத்தேன். ஜிப்பை மூடினேன். உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பேப்பர் தலைகீழாக இருந்ததைப் பிறகு மல்லிகாதான் வந்து திருப்பிக் கொடுத்தாள்.

"என்னத்தைத் தொட்டீங்க?"

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லைன்னா நீங்க ஜோக்கு சொல்லுவீங்க. இப்படி ஒத்த வார்த்தையில பதில் சொல்ல மாட்டீங்க."

சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். மகளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம்; இந்த வீட்டில் இதுவரை ஒரு டம்ளரைக்கூடக் கீழே போட்டதில்லை நான். இப்போது வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால், சம்பந்தியின் கிட்டாரில், அதுவும் ஒன்றாம் கம்பி. 'ஒங்க அப்பா அன்னைக்கு அறுத்தாரே' என்று ஆயுசுக்கும் என் மகளுக்குக் காதில் விழப்போகிறது. சுபகாரிய வீட்டில் கம்பி அறுவது என்ன சகுனமோ, அதை யோசிக்கவே நான் துணியவில்லை.

அவருக்குத் தெரிவதற்குள் அதே மாதிரி ஒரு கம்பியை வாங்கிப் போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது சொன்னேன்: "மாங்காட்டு அம்மனைக் கும்பிட்டுட்டு வந்துடறேன் சம்பந்தி."

"மாங்காடா? இருங்க, கார் எடுக்கறேன். நானும் வரேன்."

எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். "இல்ல... வேண்டுதல். தனியா, பஸ்லதான் வரேன்னு வேண்டிக்கிட்டேன்."

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "சரி. பாத்து போய்ட்டு வாங்க" என்றார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆவடி மார்க்கெட் பக்கம் ஓர் இசைக்கருவிக் கடை. தஞ்சாவூர்க்காரன் கம்பி தேடி ஆவடியில் அலைகிறேனே என்ற வெட்கத்தோடு உள்ளே போனேன். எங்கள் ஊரில் வீணைக்குக் கம்பி வேண்டுமென்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் கடைக்குப் போய்விடலாம். இங்கே ஒரே கீபோர்டாக அடுக்கியிருந்தது.

"ஹவாயன் கிட்டாருக்கு ஒண்ணாம் கம்பி வேணும்" என்று துண்டைக் காட்டினேன்.

கடைக்காரர் விரலால் உருட்டிப் பார்த்தார். "இது தடியா இருக்கே சார். எங்ககிட்ட ஒண்ணாம் கம்பி பத்து, பதினொண்ணு, பன்னெண்டுதான். இது என்ன கேஜ்?"

"நீங்கதான் சொல்லணும்."

"அளந்து பாத்தாத்தான் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்ல ஏதாவது லேத் பட்டறையில கேளுங்க. ஒண்ணாம் கம்பி இவ்ளோ தடியா எங்கயும் கிடைக்காது சார்."

கிடைக்காது என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அம்பத்தூர் போகிற பதற்றத்தில் ஸ்டேஷனுக்கு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த மின்சார ரயிலில் தொற்றி ஏறினேன். மூச்சு வாங்கி முடித்து ஜன்னலைப் பார்த்தபோது பட்டாபிராம் போய்க்கொண்டிருந்தது. எதிர்த்திசை.

நெமிலிச்சேரியில் இறங்கினேன். நல்ல ஊர். நான் பார்த்த வரைக்கும் ஒரு டீக்கடையும், என்னைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு நாயும். வெங்காய சமோசா சுடச்சுட இருந்தது. எங்கள் ஊரில் உருளைக்கிழங்கை வைத்து ஏமாற்றுவார்கள். இங்கே கடித்தால் வெங்காயம் கொட்டுகிறது. தப்பான ரயிலில் ஏறியதற்கு அது ஒன்றுதான் ஆறுதல். நான்கு தின்றேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முதலில் திறந்திருந்த பட்டறைக்குள் நுழைந்தேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. கைலியும் கண்ணாடியுமாக ஒருவர். ஏகாம்பரம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"இன்னா சார் கொண்ணாந்துகீறே?"

"கம்பி. கிட்டார் கம்பி."

"கிட்டாரெல்லாம் லேத்துல பண்ண முடியாது சார்."

"அளந்து மட்டும் சொன்னாப் போதும்" என்று ஆரம்பித்து, சம்பந்தி, வளைகாப்பு, மாங்காடு, நெமிலிச்சேரி என்று முழுக்கதையையும் கொட்டிவிட்டேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நெசமாவா? இல்ல கம்பி கட்ற கதையா?"

"கம்பி அறுத்த கதைங்க."

சிரித்துக்கொண்டே மைக்ரோமீட்டரை எடுத்தார். வெண்ணெயைத் தொடுவதுபோல் பூப்போலத் திருகினார். "பதினாறு தௌ."

"தௌன்னா?"

"ஒரு இஞ்ச ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒண்ணு. எங்க பாஷ. பதினாறு தௌ, மறந்துடாத." பிறகு அறுந்த நுனியைக் கண்ணருகே கொண்டுபோனார். "இங்க பாரு, துரு கீது. இங்க பதினாலுகூட வராது. இது ஏற்கெனவே சாவக் கெடந்த கம்பி சார். நீ சும்மா தொட்டுக்கினே, அவ்ளோதான்."

இதை நான் கேட்டேனா? கேட்டேன். மண்டையில் ஏறியதா? 'பதினாறு' மட்டும்தான் ஏறியது. பதற்றத்தில் இருக்கிறவனுக்கு நல்ல செய்தி கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

வெளியே வந்தால் எதிரே இரும்புக்கடை. அட, இவ்வளவு சுலபமா என்று உள்ளே போனேன்.

"பதினாறு கம்பி குடுங்க."

கடைக்காரர் ஒரு பெரிய சுருளை உருட்டிக்கொண்டு வந்தார். கிட்டத்தட்டப் பென்சில் ஈயத் தடிமன். "பதினாறு கேஜ். இன்னா, வேலிக்கா பந்தலுக்கா?"

"மடியில வெச்சு வாசிக்கறதுக்கு."

அவர் சுருளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். இரும்புக்கடைக் கேஜ் வேறு, ஏகாம்பரத்தின் தௌ வேறு. கேஜில் எண் கூடினால் கம்பி மெலியும், தௌவில் எண் கூடினால் தடிக்கும் என்று அவர்தான் தொலைவிலிருந்தே விளக்கினார். "பூந்தமல்லில ஒரு அம்மா கீறாங்க. சர்ச்சுக்கு வாசிக்கிறவங்களுக்கெல்லாம் ரிப்பேர் பண்ணித் தர்றாங்க. அங்க போ" என்றும் சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர். நான் போகும்வரை சுருளிலிருந்து கையை எடுக்கவில்லை.

பூந்தமல்லி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், ஹவாயன் கிட்டார் ரிப்பேர் செய்கிற கடை தெரியுமா என்று கேட்டேன். வண்டிச் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் விழுந்தது. "ஹவாயா? போலீஸ் டேஷனாண்ட எறங்கு நைனா. வரிசையா செருப்புக் கடதான்" என்றார். நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

பஸ் நிலையத்துக்கு எதிரே செட் தோசை, வடகறி. வடகறி என்றால் மிச்சமான வடையைக் குழம்பில் போட்டு நம் தலையில் கட்டுவது என்று நினைத்திருந்தேன். கடலைப்பருப்பை அரைத்து, வேகவைத்து, உதிர்த்து, பட்டை கிராம்பு போட்டு இதற்கென்றே தனியாகச் செய்கிறார்களாம். அந்தப் பதினைந்து நிமிடம் கம்பியை மறந்தேன். கை கழுவும்போது ஞாபகம் வந்துவிட்டது.

இரும்புக்கடைக்காரர் சொன்ன எஸ்தர் அம்மாவின் கடை ஒரு தையல் கடைக்குப் பின்னால், ஒரு ஆள் நுழைகிற அகலத்தில் இருந்தது. மாண்டலின், வயலின், கழுத்தொடிந்த ஒரு கிட்டார், எல்லாம் ஆஸ்பத்திரி வார்டு போல வரிசையாகப் படுத்திருந்தன. அவருக்கு என் வயதிருக்கும்.

"உங்க சம்பந்தி எந்த சுருதியில சேக்கறாரு?" என்றார் என் கதையைக் கேட்டுவிட்டு.

"தெரியாதுங்க."

"மீதி அஞ்சு கம்பி எப்படி இருக்கு?"

"பாக்கலைங்க."

"உங்களுக்கு என்னதான் சார் தெரியும்?"

"அறுக்கத் தெரியும்."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பதினாறு தௌ என்றதும் நிமிர்ந்து பார்த்தார். அளந்து வந்தவன் என்ற மரியாதை. பிறகு பொறுமையாகச் சொன்னார். சாதாக் கிட்டாரில் ஒன்றாம் கம்பியை மேலே இழுத்துக் கட்டுவார்கள், அதனால் மெல்லிசு. இந்த மாதிரிக் கிட்டாரில் அதை ஒரு படி கீழே இறக்கி வைப்பார்கள். மெல்லிசுக் கம்பியை இறக்கினால் தொளதொளவென்று ஆகிவிடும். அதன்மேல் இரும்பு உருளை உட்கார்ந்தால் அமுங்கிவிடும். அதனால்தான் தடித்த கம்பி.

"பதினஞ்சு போட்டா கொஞ்சம் கீச்சுனு இருக்கும். பதினேழு போட்டா சத்தம் நல்லா வரும், ஆனா இழுப்பு ஜாஸ்தி. அவரு கை பதினாறுக்குப் பழகியிருக்கு. அதையே போடுங்க."

ஒரு பாக்கெட்டில் நைலான் என்று எழுதியிருந்தது. அறுந்தாலும் சத்தம் வராது என்ற ஆசையில், "இது போடலாங்களா?" என்றேன்.

"நைலான் மேல இரும்ப வெச்சா, சோத்துல கரண்டி போட்ட சத்தம்தான் வரும்."

அப்புறம் ஒரு சாதா கிட்டார் செட்டைப் பிரித்து, உள்ளிருந்து '2' என்று போட்ட சின்னக் காகித உறையை எடுத்து நீட்டினார். "இந்தாங்க. பன்னெண்டுல ஆரம்பிக்கிற செட்டு எதுவா இருந்தாலும் ரெண்டாம் கம்பி பதினாறுதான். இதுக்கு ஏன் இவ்ளோ தூரம்? ஆவடியிலயே கிடைச்சிருக்குமே."

"அங்க கேட்டேனே, இல்லைன்னுட்டாரே!"

"என்னன்னு கேட்டீங்க?"

"ஒண்ணாம் கம்பின்னு."

அம்மா இப்போதுதான் சிரித்தார்.

"இல்லம்மா, ரெண்டாம் கம்பியை ஒண்ணாம் இடத்துல போட்டா..." என்று இழுத்தேன். சம்பந்தி விஷயமாயிற்றே, முறை தவறக் கூடாது.

"கம்பிக்குத் தன்னோட நம்பர் தெரியாது சார். தைரியமாப் போடுங்க."

உறையைச் சட்டைப் பையில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டே மாங்காடு போனேன். சொன்ன பொய்யை நிஜமாக்க வேண்டுமே, குங்குமம் வேறு கொண்டுபோக வேண்டும். காமாட்சி அம்மன் முன்னால் நின்று நடந்ததை உள்ளபடி சொன்னேன். வேண்டுதல் என்று பொய் சொன்னது தப்பு, கிட்டாரைத் தொட்டது அதைவிடத் தப்பு, நாளைக்கு மட்டும் காப்பாற்று. வெளியே வந்தபோது காலையிலிருந்து முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

சனிக்கிழமை மாலை முழுக்கச் சம்பந்தி கூடத்தை விட்டு நகரவில்லை. ஞாயிறு காலை ஆறரைக்கு அவர் குளிக்கப் போனார். மல்லிகா வாசலில் காவல். நான் ஜிப்பை இழுத்தேன்.

ஆறு கம்பி.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஆறு. ஒன்றாம் கம்பி அதன் இடத்தில், எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் நின்றது.

மல்லிகா வந்து பார்த்தாள். "அறுந்த மாதிரி கனவு கண்டீங்களா?"

சட்டைப் பையில் இரண்டு துண்டும் இருந்தன. கனவு துரு பிடிக்காது. அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவர் மனதில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். மனதில் வைத்திருப்பவர் பிறகு என் மகளிடம்... நேற்று கம்பிக்காகப் பட்ட பயம் இதற்குமுன் ஒன்றுமே இல்லை. சிற்றுண்டி நேரத்தில் அவர் "இன்னொரு இட்லி வெக்கட்டுமா சம்பந்தி?" என்று கேட்டதற்குக்கூட இரண்டு அர்த்தம் இருப்பதாகப் பட்டது.

அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்தில் ஷாமியானா போட்டு வளைகாப்பு. மகளின் இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல், கன்னம் நிறையச் சந்தனம். ஒரு பக்கம் எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று கலவைச் சாதங்கள் மணத்தன. எங்கள் பக்கம் புளியோதரைக்கு நல்லெண்ணெயை இன்னும் தாராளமாக ஊற்றுவோம். அதைச் சொல்கிற நிலையில் அன்று நான் இல்லை.

சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் கிடத்தினார். உருளையை வைத்து இழுத்தார். நான் அதுவரை அந்தச் சத்தத்தை நேரில் கேட்டதில்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல், எண்ணெயில் வழுக்குவதுபோல் போய்ச் சேர்கிறது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். என் மகள் கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டின் பாதியில் உருளை மேலே ஏறும்போது,

டணார்!

ஒன்றாம் கம்பி சுருண்டு அவர் கைமேல் விழுந்தது. "அச்சச்சோ" என்றாள் யாரோ ஓர் அத்தை. மகளின் முகம் வாடியது. சம்பந்தி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். வெள்ளிக்கிழமை மாலை தலைகீழ் பேப்பருக்குப் பின்னால் நான் வைத்திருந்தது.

எழுந்து போனேன். சட்டைப் பையிலிருந்து காகித உறையை எடுத்து நீட்டினேன்.

"சம்பந்தி, பதினாறு தௌ."

அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. வளைகாப்புப் பெண்ணின் அப்பா சட்டைப் பையில் கிட்டார் கம்பியோடு ஏன் திரிகிறார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. மல்லிகா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டார். புதுக் கம்பியின் சுருதி இறங்கிக்கொண்டே இருந்ததால் நடுநடுவே முறுக்கினார். அவர் சாவியைத் தொட்டபோதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தேன். "வெள்ளிக்கிழமை நான்தான் சம்பந்தி..."

"தெரியும். கம்பி அறுந்தா அங்கேயே தொங்கும் சம்பந்தி. துண்டோட காணாமப் போகாது."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"எப்படிக் கேப்பேன்? பொண்ணு குடுத்தவரு. வீட்டுக்கு வந்த மனுஷன்கிட்ட, என் கம்பி எங்கன்னு கேக்க முடியுமா? நீங்க சங்கடப்பட்டா? மல்லிகாம்மா தப்பா நெனச்சா? எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. வெளிய போய் வாங்கினா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு, பொட்டியில கெடந்த பழசு ஒண்ணை மாட்டி வெச்சேன். அதுவும் துரு. நீங்க அறுத்ததும் மூணு வருஷத்துப் பழசு, அறுக்க யாராவது வருவாங்கன்னு காத்துக்கிட்டிருந்துச்சு." தயிர்சாதத்தைப் பிசைந்தபடி குரலைத் தாழ்த்தினார். "நீங்க மாங்காட்டுக்குத் தனியாப் போறேன்னதும், கோவிச்சுக்கிட்டு அப்படியே ஊருக்குப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

நான் சிரித்ததில் தயிர்சாதம் புரையேறியது. அவர்தான் தலையில் தட்டினார்.

சம்பந்தி அன்று ஐந்து பாட்டு வாசித்தார். மூன்று மணிக்கு மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினோம். நான் அறுத்தது ஒன்றாம் கம்பி. அவர் போட்டு வாசித்தது இரண்டாம் கம்பி.